நான்கு சக்கரமும் ஒரு நன்றியுரையும்

எனக்கு ஒரு வண்டி கொடுத்தார்கள். கடற்கரையில் சுற்றுலா வருகிறவர்கள் வாடகைக்கு எடுத்து மணலில் சுற்றுவார்களே, ஏடிவி என்று சொல்கிற நான்கு சக்கர மோட்டார், அது. சிவப்பு நிறம். உருண்டு திரண்ட டயர்கள். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. சாலையில் ஓட்டக்கூடாது என்பது ஒன்றுதான் குறை. ஒரு கால் இல்லாதவனுக்கு வண்டி கொடுத்தவர்கள், அதை அவன் எங்கே ஓட்டுவான் என்று ஒரு நிமிடமாவது யோசித்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்க முடியாதபடி என் வாயை நானே அடைத்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பந்திங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றி எண்ணெய் மில்லுக்கு லோரி ஓட்டியவன் நான். பாதி ஆயுள் அதிலேயே போனது. சர்க்கரை வியாதி இருப்பது தெரியும். இடது பாதத்தில் சப்பாத்து கடித்த புண் வந்தபோது பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு ஓட்டினேன். லோரிக்காரன் புண்ணுக்கெல்லாம் லீவு போட்டால் அடுத்த வாரம் அவன் லோரியை வேறு ஒருவன் ஓட்டுவான். முதலில் ஒரு விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே. மூன்று தடவையும் இத்தோடு சரியாகிவிடும் என்றுதான் சொன்னார்கள்.

வீட்டில் ஆறு மாதம் உட்கார்ந்திருந்தேன். மனைவி தெலுக் பங்லிமா காராங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். விடிவதற்குள் தொழிற்சாலை பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும். அவள் வைத்துவிட்டுப் போன சோற்றைத் தின்றுவிட்டு, அவள் வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் போகிற வழியில் எட்டிப் பார்த்து "நல்லா இருக்கீங்களா" என்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் மில் மேனேஜர் கூப்பிட்டார். தராசு மேடையில் உட்கார்ந்து லோரிகளை நிறுத்துப் பதிவு செய்கிறவர் வேலையை விட்டுப் போகிறாராம். உட்கார்ந்து செய்கிற வேலை, கால் தேவையில்லை. எந்த டிரைவர் குலைக்கு அடியில் மண்ணைப் போட்டு எடையை ஏற்றுவான் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் இல்லை என்று சொல்லிச் சிரித்தார். நானும் அந்தக் காலத்தில் போட்டவன்தான் என்பது அவருக்குத் தெரியும். ஒரே நிபந்தனை, வந்து சேர்வது என் பாடு. மில்லுக்கு பஸ் கிடையாது. எங்கள் வீடு ஜெஞ்சாரோமுக்கு வெளியே ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில். மோட்டார் சைக்கிளில் கியர் போடுவது இடது காலில், நிறுத்தினால் ஊன்றுவதும் அதில்தான். எனக்கு இல்லாததும் அந்தக் கால்தான். ஆண்டு முடியும்வரை தற்காலிகமாக ஒருவரை வைத்துச் சமாளிப்பதாகச் சொன்னார். அதற்குமேல் அவர் கையில் இல்லை.

எனக்கு அந்த நாற்காலி வேண்டும். உயிரே போகிற மாதிரி வேண்டும். சம்பளத்துக்காக மட்டுமில்லை. காலையில் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு நானாகக் கிளம்பி ஓரிடத்துக்குப் போய், மாலையில் நானாகத் திரும்பி வர வேண்டும். இரண்டு காலும் உள்ளவர்களுக்கு இது ஒரு ஆசையாகத் தோன்றாது.

மனைவி வட்டார நலச் சங்கத் தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவர் வீட்டுக்கே வந்தார். என் காலைப் பார்த்து அவர் கண் கலங்கியது. அது பொய்க் கண்ணீர் என்று நான் சொல்லமாட்டேன். இளகிய மனசுக்காரர். இளகிய மனசோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை, இவர் உடனே செயலில் இறங்குகிறவர். நான் ஓட்டுகிற மாதிரி ஒரு வண்டி கிடைத்தால் போதும் என்றேன். என்ன வண்டி என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டே வாரத்தில் போன் வந்தது. வண்டி தயார், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வரச் சொன்னார்.

மண்டபத்தில் பேனர் கட்டியிருந்தார்கள். தலைவர் படம் ஆள் உயரத்துக்கு, என் படம் அடையாள அட்டை அளவுக்கு. மேடைக்குக் கீழே அந்தச் சிவப்பு வண்டி நின்றது. முன்பக்கம் முழுக்க மறைகிற மாதிரி ரோஜா மாலை, நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனாலும் பழத்தை எடுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. வண்டியை உருட்டி அதை நசுக்கியபோது நாங்களும் கும்பிட்டோம். கேட்டால் தருகிற கடவுள் யாராக இருந்தால் என்ன என்கிற நிலையில்தான் அன்று இருந்தோம்.

சங்கத்துக்கு வேண்டிய ஒருவர் கடற்கரையில் இதை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாராம். தொழில் படுத்துவிட்டதால் தானமாகக் கொடுத்துவிட்டாராம். ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கியர் இல்லை, கட்டைவிரலால் அழுத்தினால் போகிறது, சாயாது. என் காலுக்கென்றே செய்த மாதிரி இருந்தது. சத்தியமாக அன்று எனக்கு அப்படித்தான் தோன்றியது.

பிறகு பொன்னாடை. பிறகு அட்டையில் செய்து தங்கத் தாள் ஒட்டிய, கை நீளத்துக்கு ஒரு சாவி. ஒரு முனையைத் தலைவர் பிடித்துக்கொண்டார், மறு முனையை நான். பத்திரிகைக்காரர் படம் எடுக்க வந்து, கால்சட்டையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கச் சொன்னார். கால் இல்லாதது படத்தில் தெரிய வேண்டுமாம். தூக்கினேன். அடுத்தது நன்றியுரை. எங்கள் ஆட்களிடம் எதை வாங்கினாலும் மைக்கில் நன்றி சொல்லித்தான் ஆகவேண்டும். ஒரு பை அரிசி வாங்கினாலும் அப்படித்தான். மைக்கைக் கையில் கொடுக்கும்போது தலைவர் என் காதருகே குனிந்தார்.

"இனிமே யார் உதவியும் எனக்குத் தேவையில்லன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க அண்ணே. பேப்பர்ல நல்லா இருக்கும் லா."

சொன்னேன். சொல்லிக் கொடுத்ததைவிட அழகாகவே சொன்னேன். இனி எனக்கு யாருடைய உதவியும் தேவையில்லை, இந்த வண்டி எனக்குக் காலாக இருக்கும் என்றேன். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அன்று அதை நான் முழுசாக நம்பினேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. இரண்டு நாளில் பேப்பரில் வந்தது, படத்தோடு.

அதற்குள் திங்கட்கிழமை காலையிலேயே, வேலைக்குக் கிளம்புமுன் மனைவி வண்டியிலிருந்து வாடிய மாலையை எடுத்தாள். மாலைக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர். சிவப்பு வட்டம், குறுக்கே கோடு, கீழே ஆங்கிலத்தில் நான்கைந்து வரி. பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். பொதுச் சாலையில் ஒருபோதும் ஓட்டாதே என்று எழுதியிருந்தது. அது வெளிநாட்டுக்காரனுக்குப் போட்டது, நம்ம ஊருக்கு இல்லை என்றேன். அவள் மாலையைக் குப்பையில் போட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மில் மேனேஜர் வாழ்த்துச் சொன்னார். கூடவே, வாசலில் உள்ளே விடுவதற்கு பாஸ் எடுக்க வேண்டும், ரோட் டேக்ஸ் நகலும் லைசென்ஸ் நகலும் அனுப்பு என்றார். பதிவு எண்ணே இல்லாத வண்டிக்கு ரோட் டேக்ஸ் ஏது? தலைவருக்குப் போன் செய்தேன். அதெல்லாம் சின்ன விஷயம், லைட்டு, சிக்னல் மாட்டிப் பதிவு செய்துவிட்டால் முடிந்தது என்றார். அவருக்கு எல்லாமே சின்ன விஷயம்தான், அலைகிறவன் நான் என்பதால்.

ஜெஞ்சாரோமில் எனக்குப் பழக்கமான, வண்டி பழுது பார்க்கிற சீன போர்மன் ஒருவரின் வொர்க்‌ஷாப் இருக்கிறது. அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, இது நடக்காது என்று மலாயில் சொன்னார். நீ மாட்டு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பழைய மோட்டார் ஒன்றிலிருந்து நான்கு சிக்னல் விளக்குகளைக் கழற்றி மாட்டினார். இரண்டு கண்ணாடி, ஒரு ஹார்ன், பிரேக் பிடித்தால் எரிகிற விளக்கு, பின்னால் நம்பர் பிளேட்டுக்கு ஒரு தகடு, அதற்கு மேலே ஒரு சின்ன பல்பு. டயரிலேயே சாலைக்கு உதவாது என்று அச்சில் வார்த்திருந்தது. எங்கோ தேடி வேறு டயர் கொண்டுவந்து போட்டார். எல்லாம் முடிந்ததும் தள்ளி நின்று பார்த்து, இப்போது வண்டி மாதிரி இருக்கிறது என்றார். வண்டி என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் அன்று எனக்கு உறைக்கவில்லை.

ஸ்டிக்கரை மட்டும் நானே பார்த்துக்கொண்டேன். மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவைத்து, சமையலறைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன். பசை இருந்த இடத்தில் ஒரு மங்கல் வட்டம் மட்டும் மிஞ்சியது. இதைச் செய்தது நான்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கூட்டாளி ஒருவன் வண்டியையும் என்னையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போக, வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்தது ஒரு மலாய்ப் பெண். என் மகள் வயது இருக்கும். என்னை நிற்கவிடாமல் நாற்காலி போடச் சொன்னாள். சேசிஸ் எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்தாள், தாள்களைப் புரட்டினாள். இறக்குமதித் தாளில் இது வாகனம் என்றே வரவில்லையாம், பொழுதுபோக்குச் சாமான் என்று வந்திருக்கிறதாம். ஒரு வண்டி சாலைக்கு வர வேண்டுமானால் செய்கிற கம்பெனி அந்த மாடலுக்கே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வாங்கியவன் விளக்கு மாட்டி மாற்றிக்கொள்ள முடியாது. சிக்னல் எரிகிறது, வந்து பாருங்கள் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அவள் பொறுமையாகத் தன் மொழியில் சொன்னதை என் மொழியில் சொன்னால் இப்படி வரும்.

"லைட்டு இல்லாததால இது வண்டியா இல்லாம போகல அங்கிள். இது வண்டியே இல்ல."

கத்தினேன். அந்தப் பிள்ளையிடம் கத்தியிருக்கக்கூடாது. மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன், பதில் வந்தது, அதே பதில். மறுபடி போனேன். வாசலில் நிற்கிற ஏஜெண்ட் ஒருவன் என்னைத் தனியே கூப்பிட்டு, வீட்டில் பழைய மோட்டார் கிடந்தால் அந்த நம்பரை எடுத்து இதில் மாட்டிக்கொள்ளுங்கள் பாஸ், யார் பார்க்கப் போகிறார்கள் என்றான். வீட்டுக்குப் பின்னால் என் பழைய மோட்டார் கிடந்தது. அன்று மாலை ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தும்விட்டேன். மனைவி வந்து பார்த்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எவனாச்சும் மோதிட்டா இன்சூரன்ஸ்காரன் திரும்பிப் பாப்பானா? இருக்கிற காலும் போச்சுன்னா அப்புறம் எவன் வந்து பொன்னாடை போத்துவான்?" என்றாள்.

ஸ்பேனரை வைத்துவிட்டேன். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதற்காக இல்லை. தொழிற்சாலை உடுப்பைக்கூட மாற்றாமல் அவள் என் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாவது தடவை போனபோது அந்த மலாய்ப் பெண்ணே ஒரு யோசனை சொன்னாள். மோட்டாரின் பின்சக்கரத்தை எடுத்துவிட்டு அங்கே இரண்டு சக்கரம் வைத்து, கியரைக் கையில் போடுகிற மாதிரி மாற்றினால் அதைப் பதிவு செய்யலாமாம். உடல் ஊனமுற்றவர்களுக்கென்று அதற்குத் தனி லைசென்ஸ்கூட இருக்கிறதாம். அதாவது மூன்று சக்கரம் கூடும், நான்கு கூடாது. எனக்கு ஒரு சக்கரம் அதிகமாகக் கொடுத்துவிட்டார்கள். தலைவர் அன்றே பத்து நிமிடம் விசாரித்திருந்தால் இந்த நான்கு மாதம் மிச்சமாகியிருக்கும்.

அப்படிப்பட்ட வண்டியை இலவசமாகச் செய்து கொடுக்கிற ஒரு சங்கம் தலைநகரில் பிரிக்ஃபீல்ட்ஸில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, மனைவியை லீவு போடச் சொல்லி, கிள்ளானிலிருந்து ரயிலில் போனோம். அங்கே நடைபாதையில் கண் தெரியாதவர்களுக்காக மேடு வைத்த மஞ்சள் கற்கள் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் மோட்டார்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சங்கத்தின் அலுவலகம் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஊனமுற்றோருக்கான சங்கம். படியில் பின்பக்கமாக உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக உடம்பைத் தூக்கித் தூக்கி ஏறினேன். மனைவி என் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

மேலே செயலாளர் அம்மா எங்களுக்கு மைலோ கொடுத்தார். என் பெயரைக் கேட்டதும் ஒரு கோப்பை எடுத்தார். அதில் என் படம். நான் கால்சட்டையைத் தூக்கிக்கொண்டு, அட்டைச் சாவியைப் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கிறேன். யாருக்கு எங்கே என்ன கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள இப்படிச் செய்திகளை வெட்டி வைப்பது வழக்கமாம். ஒருவரே இரண்டு இடத்தில் வாங்கிவிடக்கூடாது இல்லையா. படத்துக்குக் கீழே இருந்த வரியை அவர் விரலால் தொட்டு, கோபமே இல்லாத குரலில் வாசித்தார்.

"இனி எனக்கு யாருடைய உதவியும் தேவையில்லை."

பிறகு, "நீங்க சொன்னதுதானே அண்ணே?" என்று கேட்டார்.

நான் சொன்னதுதான். அந்த வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது என்றேன். அவருக்குப் புரிந்தது, ஆனால் விதி விதிதான். வேறு சங்கத்தில் வாகனம் வாங்கியவருக்குக் கொடுக்க முடியாது. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக அந்தத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கி வந்தால் என் பெயரைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஆண்டு முடிய இரண்டு மாதம்கூட இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் தலைவரைப் போய்ப் பார்த்தேன். அவர் முகம் மாறிவிட்டது. கொடுத்ததைத் திருப்பி வாங்கினால் சங்கத்தின் பெயர் என்ன ஆவது, பேப்பரில் வந்த விஷயம் என்றார். பிறகு அவர் முகம் பழையபடி இளகியது. நானே அதை இன்னொருவருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கிற மாதிரி செய்துவிடலாம் என்றார். வாங்கியவரே வழங்குகிறார், எவ்வளவு நல்ல செய்தி. பந்திங்கில் ஒரு பெண் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். நிகழ்ச்சி முடிந்த கையோடு கடிதம்.

சரி என்றேன். யோசித்துவிட்டுச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். யோசிக்கவே இல்லை, உடனே சொன்னேன். கடிதம் கிடைத்தது. மூன்று சக்கர வண்டி கிடைத்தது. ஆண்டு முடிவதற்குள் அந்த நாற்காலியும் கிடைத்தது. லோரி வராத நேரத்தில் அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இப்போது அந்த நிகழ்ச்சியைச் சொல்லிவிட வேண்டும்.

அதே மண்டபம். பேனரில் தலைவர் படம் அதே அளவு, என் படம் இந்தத் தடவை கொஞ்சம் பெரிது. அதே வண்டி, புது எலுமிச்சம்பழம். மாலையை முன்பக்கத்தில் போட்டபோது அந்த மங்கல் வட்டம் மறைந்தது. மறைப்பதற்கு அங்கே வேறு எதுவும் இல்லை. படிக்க வேண்டியதை நான் ஏற்கெனவே சுரண்டியாகிவிட்டது.

அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். சிறு வயதிலேயே போலியோ, இரும்புப் பட்டை கட்டிய கால். காலையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் போட்டுப் பள்ளிக்கூட வாசலில் விற்கிறவர். அதுவரை புருஷன் மோட்டாரில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தாராம், இப்போது அவர் ஜோகூரில் வேலைக்குப் போய்விட்டார். மேடைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் என் அருகே உட்கார வைத்திருந்தார்கள். சிக்னல் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, இத ரோட்ல ஓட்டலாம்தானே?"

எனக்கு வர வேண்டிய கடிதம் இன்னும் தலைவரின் சட்டைப்பையில் இருந்தது. ஆனாலும் சொன்னேன். அதையாவது செய்தேன்.

"முடியாது தங்கச்சி. பதிவு பண்ணவே முடியாது. நான் எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன்."

அவருக்கு அதிர்ச்சி இல்லை. வண்டியைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். "வேணாம்னு இப்ப சொன்னா, அடுத்த தடவ லிஸ்ட்ல பேரு வராது அண்ணே," என்றார்.

"அப்ப வாங்கிக்குங்க. ஆனா மைக்கக் குடுத்தா நன்றி மட்டும் சொல்லுங்க. இனிமே யார் உதவியும் தேவையில்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அத வெட்டி வச்சிருப்பாங்க."

அவர் தலையாட்டினார். பெயரைக் கூப்பிட்டார்கள். அட்டைச் சாவியைக் கொண்டுவந்தார்கள். அதே சாவி, ஓரத்தில் தங்கத் தாள் கிழிந்திருந்தது. இந்தத் தடவை கொடுக்கிறவர் பிடிக்கும் முனை என் கையில். பத்திரிகைக்காரர் அந்தப் பெண்ணிடம் புடவையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கிக்கொள்ளச் சொன்னார். அவர் தூக்கினார். நான் படம் எடுக்கிறவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மைக்கைக் கொடுக்கும்போது தலைவர் அவர் காதருகே குனிந்தார். என்ன சொல்கிறார் என்று எனக்குக் காதில் விழ வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையசைத்து வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். தலைவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கடிதம் அவரிடம் இருந்தது. நான் அட்டைச் சாவியைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

சங்கத்துக்கும் தலைவருக்கும் இந்த அண்ணனுக்கும் நன்றி என்றார். கொஞ்சம் நிறுத்தினார். இனி எனக்கு யாருடைய உதவியும் தேவையில்லை என்றார்.

மண்டபத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். சாவியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நானும் தட்டினேன்.